உறையில் எழுதியிருந்த பெயர்

அந்த இசைத்தட்டின் உறையில் நீலப் பேனையால் ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருக்கிறது. முதற்பெயர் மட்டும். பக்கத்தில் 1979 என்று வருடம். பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்து. கொஞ்சம் சரிந்து, கடைசி எழுத்தின் வால் நீண்டு கிடக்கிறது. சூரிச்சில் பழைய இசைத்தட்டு வாங்கி விற்கும் ஒருவர் அதைக் கையில் எடுத்ததும் சொன்ன முதல் வார்த்தை "பழுது". உறையில் எழுத்து இருந்தால் விலை இறங்குமாம். பிறகு தட்டை விளக்குக்கு நேரே சரித்துக் கீறல்களை எண்ணினார். பாட்டு முடிந்தபின் ஊசி சும்மா சுற்றுகிற உள்வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தார். கடைசியில் ஒரு தொகை சொன்னார். பழுதுக்குக் கழித்த பிறகும் அது முதியோர் இல்லத்துச் சலவையறையில் ஒரு நாள் முழுக்க நின்று நான் உழைப்பதைவிட அதிகம். "இந்தப் பெயர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்" என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் விற்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் பெயர் எப்படிப் பழுதாகிறது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

தட்டு க்ளீனெக்ஸ் என்ற குழுவினுடையது. 1978இல் சன்றைஸ் என்ற சிறு லேபிளில் வெளிவந்த ஏழு அங்குலத் தட்டு. நான்கு பாட்டு. பாடியவர் ரெகுலா சிங், கிற்றார் மார்லீன் மார்டர், பேஸ் கிளவுடியா ஷிஃப், டிரம்ஸ் லீஸ்லோட் ஹா. நான்கு பேரும் பெண்கள், நான்கு பேரும் நான் இன்று வாழும் இதே சூரிச்காரர்கள். பங்க் பற்றிக் கேள்விப்படாத தோழிகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1970களின் நடுவில் நியூயோர்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய இசை அது. சங்கீதம் படித்திருக்க வேண்டாம், குரல் இனிமையாக இருக்க வேண்டாம், பெரிய கொம்பனியின் வாசலில் நிற்க வேண்டாம். கைமாற்று வாங்கி நீயே தட்டை அடித்துக்கொள் என்று சொன்ன இசை. 'பெண் குரல் தேன் போல இருக்க வேண்டும்' என்று கேட்டு வளர்ந்த எங்களுக்கு இதிலே என்ன விடுதலை இருக்கும் என்று தனியாக விளக்கத் தேவையில்லை. அந்தக் கதவால் பெண்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்தார்கள்.

சுவிற்சர்லாந்தில் அது நடந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். இந்த நாட்டின் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கிடைத்தது 1971 பெப்ரவரி 7இல். இலங்கையில் எங்கள் அம்மம்மாமாருக்கு அது 1931இலேயே கிடைத்துவிட்டது. (அகதியாக வந்த எங்களுக்குச் 'சமத்துவம்' பற்றி வகுப்பெடுக்கிறவர்களிடம் நான் இதை அடிக்கடி சொல்வேன். யாருக்கும் பிடிப்பதில்லை.) 1988இல் புதிய திருமணச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை இங்கே சட்டப்படி கணவனே குடும்பத் தலைவன்; மனைவி வேலைக்குப் போக அவன் சம்மதம் வேண்டும். வாக்குரிமை வந்து ஏழே வருடத்தில், அந்த ஊரில், நான்கு பெண்கள் பாதி ஆங்கிலம், பாதி ஜெர்மன், மிச்சம் எந்த மொழியும் இல்லாத கூச்சல் என்று கத்திப் பாடித் தட்டு வெளியிட்டிருக்கிறார்கள். லண்டனில் ரஃப் ட்ரேட் என்ற சிறு லேபிள் அவர்களை எடுத்துக்கொண்டது. பிறகு அந்தக் கைக்குட்டைத் தாள் பெயருக்கு உரிமையுள்ள அமெரிக்கக் கொம்பனி வழக்கு என்று மிரட்ட, லிலிபுட் என்று பெயரை மாற்றினார்கள். 1983இல் குழு கலைந்தது.

நான் இதைத் தேடிப் போகவில்லை. பழைய சாமான் விற்கும் புறொக்கிக்குச் சாப்பாட்டுக் கோப்பை வாங்கப் போனேன். கோப்பைகளுக்குக் கீழே ஒரு மட்டைப்பெட்டி நிறையச் சின்னத் தட்டுகள். உறை பிடித்திருந்தது, இரண்டு பிராங். அடுத்த நாள் என்னோடு சலவையறையில் வேலை செய்யும் சுவிஸ் அக்காவிடம் காட்டினேன். பென்சனுக்கு ஒன்றிரண்டு வருடமே இருந்த மனுசி. தட்டை வாங்கிப் பார்த்தவர் துணிக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துவிட்டார்.

அன்று அவர் கதைத்தது முழுவதும் இந்தக் கட்டுரைக்குள் அடங்காது. 1980 மே 30ஆம் திகதி ஒபேரா மண்டபத்துக்கு முன்னால் அவர் நின்றிருக்கிறார். நகரம் ஒபேராவுக்கு ஏறக்குறைய ஆறு கோடி பிராங் ஒதுக்கியது, இளையவர்கள் கூடுவதற்கு ஒரு கட்டிடம் கேட்டபோது கையை விரித்தது. அதிலிருந்து கிளம்பியது சூரிச்சின் பெரிய கலவரம். கண்ணீர்ப்புகை மணம் போக மூன்று தரம் தலைமுழுகினாராம். இதே தட்டு அவரிடமும் இருந்தது. ஒரு பெட்டி நிறைய இருந்தது. இரண்டாவது பிள்ளை பிறந்த வருடம் வீடு மாறினார்கள், புது வீட்டில் இடமில்லை, பெட்டியை விற்றார்கள்.

"உங்கள் கணவரின் தட்டுகள்?" என்று கேட்டேன்.

"அது நிலவறையில் இருக்கிறது. அவர் சேகரிப்பவர்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அரிய இசைத்தட்டு என்று சொல்கிறார்களே, அது எப்படி அரிதாகிறது? முதலாவது காரணம் எல்லாருக்கும் தெரியும்: குறைவாக அடித்தார்கள். சிறு லேபிள்கள் ஐந்நூறு, ஆயிரம் என்றுதான் அடிக்கக் கொடுக்கும். விற்றால் இன்னும் அடிப்பார்கள். மான்செஸ்டர் ஆண்கள் பஸ்கொக்ஸ் 500 பவுண் கடன் வாங்கி 1977 ஜனவரியில் தாங்களே வெளியிட்ட முதல் தட்டு ஆயிரம்தான் அடிக்கப்பட்டது. விற்க விற்க அடித்துப் பல்லாயிரம் போனது. இன்று அது பங்க் வரலாற்றில் புராணக்கதை. எந்தக் குழுவுக்கு இரண்டாவது அடிப்பு, எந்தக் குழுவை வானொலியில் ஒரு வேடிக்கையாகப் போட்டுவிட்டு மறந்துவிடுவது என்று தீர்மானித்த கடைக்காரர், பத்திரிகைக்காரர், நிகழ்ச்சி ஒழுங்கு செய்பவர் எல்லாம் பெரும்பாலும் ஆண்கள். லொஸ் ஏஞ்சல்ஸில் மெக்சிகோக் குடியேறிகளின் மகள் அலிஸ் பாக் முன்னால் நின்று பாடிய த பாக்ஸ் குழு அந்த நகரின் ஆரம்ப பங்க் மேடைகளில் எல்லாரும் அறிந்த குழு. அது உயிரோடிருந்த காலத்தில் வெளிவந்தது ஒரே ஒரு சிங்கிள், 1978இல், டேஞ்சர்ஹவுஸ் லேபிளில். அலிஸ் பாக் பிறகு பள்ளிக்கூட ஆசிரியையானார். இன்று அந்த ஒற்றைத் தட்டு சேகரிப்பவர்களின் கனவுப் பொருள். ஒன்றோடு நின்றதால் வந்த அருமை அது.

இரண்டாவது காரணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தட்டு பிறகு எங்கே போனது? சேகரிப்புக்கு அறை வேண்டும். சனிக்கிழமை காலையில் சந்தைக்குப் போக நேரம் வேண்டும். பிள்ளையின் சப்பாத்துக் காசில் கை வைக்காத ஒரு தனிக் காசு வேண்டும். 'உனக்கென்ன பைத்தியமா' என்று கேட்காத ஒரு வீடு வேண்டும். இருபது வயதில் பெட்டி பெட்டியாகத் தட்டு வைத்திருந்த பெண் முப்பதில் அதை விற்கிறாள். அதே வயது ஆண் நிலவறையில் இறாக்கை அடிக்கிறான். முப்பது வருடம் கழித்து அவள் விற்ற தட்டு அவனுடைய இறாக்கையில் இருக்கிறது. அவன் நிபுணன். அவள் பெயர் உறையில் பழுது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலும் ஒரு ரெக்கோட் பிளேயர் இருந்தது. பெரியண்ணாவினுடையது. தட்டைத் துடைத்துக் கொடுப்பது நானும் தங்கச்சியும். ஊசியை வைப்பது அண்ணா. "நீ தொட்டால் ஊசி முறிந்துவிடும்" என்பார். கொழும்பிலிருந்து வந்த ஒரு மச்சான் அதே ஊசியை ஒரு நாள் முறித்தார். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. நாற்பது கடந்து, புறொக்கியில் வாங்கிய பிளேயரில் முதல் தடவையாக நானே ஊசியை இறக்கியபோது என் கை நடுங்கியது என்றால் சிரிக்காதீர்கள்.

அதன்பிறகு நான் தேடத் தொடங்கினேன். சனிக்கிழமைச் சந்தைகள், பழைய தட்டுக் கடைகள். ஒரு கடையில் 'பெண் குரல்' என்று தனிப் பெட்டி வைத்திருந்தார்கள். அதற்குள் சூரிச்சும் உண்டு, சாவோ பாலோவும் உண்டு, தோக்கியோவும் உண்டு. இசையால் ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லாத குழுக்கள். பாடியவருக்கு மார்பு இருக்கிறது என்பதுதான் வகை. ஆண் குரல் என்று பெட்டி இல்லையா என்று கேட்டேன். கடைக்காரர் பகிடி என்று நினைத்தார். இன்னோர் இடத்தில், நான் எடுத்த தட்டு எந்த அடிப்பு, முதல் அடிப்பின் லேபிள் என்ன நிறம் என்று ஒருவர் என்னைச் சோதித்தார். பக்கத்தில் நின்ற பொடியனைச் சோதிக்கவில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று அவன் எடுத்த தட்டைப் பார்த்தாலே தெரியும்.

'மறக்கப்பட்ட பெண்களை நாங்கள்தான் கண்டுபிடித்தோம்' என்பது இந்த உலகத்தின் பெருமை. த ரெயின்கோட்ஸ் கதையை எடுங்கள். போர்த்துக்கலின் மதெய்ராத் தீவிலிருந்து வந்த அனா டா சில்வாவும் ஜீனா பேர்ச்சும் லண்டனில் ஓவியக் கல்லூரியில் படிக்கும்போது 1977இல் தொடங்கிய குழு. 1979இல் முதல் ஆல்பம். டிரம்ஸ் அடித்தவர் பல்மோலிவ், ஸ்பெயினிலிருந்து வந்தவர். 1984இல் கலைந்தார்கள். 1992இல், உலகப் புகழின் உச்சியில் நின்ற நிர்வானா குழுவின் கேர்ட் கோபேன் தன்னுடைய தேய்ந்த தட்டுக்குப் பதில் இன்னொன்று தேடி ரஃப் ட்ரேட் கடைக்குப் போகிறார். தட்டு இல்லை. ஆனால் அதைப் பாடியவர் பக்கத்தில், உறவினரின் பழம்பொருள் கடையில் வேலை செய்கிறார் என்று கடையில் சொல்கிறார்கள். கோபேன் நடந்து போய் அவரைச் சந்திக்கிறார், பிறகு அதைப் பற்றி எழுதுகிறார், ஓரிரு வருடத்தில் ஆல்பங்கள் மறுபதிப்பாகின்றன.

கோபேன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் மரியாதையோடு செய்தார், உண்மையாக நேசித்தார். என் பிரச்சினை இந்தக் கதையைச் சொல்கிற விதத்தில். எல்லாரும் அதைக் 'கண்டெடுத்த' கதையாகச் சொல்கிறார்கள். அனா டா சில்வா காணாமற்போகவே இல்லை. கடையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், மேசைக்குப் பின்னால், சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தார். கடைக்காரர்களுக்கே அது தெரியும். கேட்க ஒருவர் வரவில்லை, அவ்வளவுதான். அந்த எட்டு வருடத்தில் பெயர் தெரியாத ஒரு பெண் வந்து கேட்டிருந்தால் எந்த லேபிள் மறுபதிப்புப் போட்டிருக்கும்?

2016இல் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பங்கின் நாற்பது வருடத்தை ஒட்டி ஒரு கண்காட்சி. த ஸ்லிட்ஸ் குழுவின் கிற்றார் கலைஞர் விவ் ஆல்பர்டீன் அங்கே பேசப் போனார். சுவரில் இருந்த விளக்கப் பலகையில் செக்ஸ் பிஸ்டல்ஸ், த கிளாஷ், பஸ்கொக்ஸ் என்று ஆண்களின் பெயர்களைப் பார்த்தார். மார்க்கர் பேனையை எடுத்து அவற்றை வெட்டிவிட்டு ஸ்லிட்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், சூசி அண்ட் த பான்ஷீஸ் என்று எழுதி, பெண்கள் எங்கே என்று கேட்டுக் கையெழுத்தும் போட்டார். நாசவேலை என்று முகம் சுளித்தவர்கள் இருப்பார்கள். அங்கேயும் ஒரு பெண் பேனையால் எழுதியது பழுதுதான்.

எழுதவிடாமல் செய்ததும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் பராகால்டோ என்ற தொழிற்சாலை ஊர். அங்கிருந்து லாஸ் வுல்பெஸ் என்ற நான்கு இளம்பெண்கள். 1983 ஏப்ரலில், ஃபிராங்கோ இறந்து எட்டாவது வருடம், அரச தொலைக்காட்சியின் இளையோர் நிகழ்ச்சி ஒன்றில், ஒரு சனிக்கிழமை பாடினார்கள். பாட்டு, பெண்களை ஏச எடுக்கும் 'நரி' என்ற ஸ்பானியச் சொல்லைத் தானே எடுத்துச் சூடிக்கொண்டு, காதல் வேடம் போடும் ஆணை விடத் தன் உடலே தனக்குப் போதும் என்கிற பாட்டு. நாடே கொந்தளித்தது. பழைமைவாதப் பத்திரிகை ஒன்று, பாட்டு எவ்வளவு ஆபாசம் என்று காட்டுவதற்காக, அதன் வரிகளைத் தன் பக்கத்திலேயே அச்சிட்டது! பொது ஒழுக்கக்கேடு என்று அரச வழக்குத்தொடுநர் முறைப்பாடு செய்தார். நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது, நடத்திய கார்லோஸ் தேனா பதவி விலகினார். குழு அந்த வருடமே சிதறியது. அக்காலத்தில் அவர்கள் விட்டுச்சென்றது ஒரே ஒரு சிறு தட்டு. சேகரிப்பாளர் பட்டியலில் அதற்குப் பக்கத்தில் 'அரிது' என்று இருக்கிறது. யார் அரிதாக்கினார்கள் என்று இல்லை.

'அந்தச் சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் இந்தப் பாட்டுகள் அழிந்தே போயிருக்கும், நன்றி கெட்டதனமாக எழுதாதே' என்று ஒரு தோழர் சொன்னார். பாதி உண்மை. 1980களின் கடைசியில் கில்ட் பை டெத் என்ற பெயரில் உரிமை பெறாத தொகுப்புத் தட்டுகள் வரத் தொடங்கின. யாரும் கேள்விப்படாத ஆரம்பகால பங்க் சிங்கிள்களை அவை பலருடைய காதுக்குக் கொண்டுபோயின. நானும் அவற்றால் படித்தவள். ஆனால் அவை பாடியவர்களைக் கேட்காமல் அடித்த கள்ளப் பதிப்புகள். அதைக் கேட்டு மூலத்தட்டின் விலை ஏறியபோது, ஏறிய விலையில் ஒரு சதம்கூடப் பாடியவருக்குப் போகவில்லை. பழைய தட்டு எத்தனை கை மாறினாலும் கலைஞருக்கு ஒன்றும் கிடைக்காது. அதுதான் அந்த வியாபாரத்தின் அமைப்பு. காப்பாற்றியவர் என்று யாரையாவது சொல்வதானால் நான் மார்லீன் மார்டரைச் சொல்வேன். குழு கலைந்து மூன்றாவது வருடம், 1986இல், குழுவின் குறிப்புகள், படங்கள், பத்திரிகைத் துண்டுகள் எல்லாவற்றையும் கிற்றார் கலைஞரின் நாட்குறிப்பு என்று புத்தகமாக்கி வைத்தவர் அவர். பாடல்கள் 1993இல் இரட்டை சிடியாக இங்கே வந்தன. 2001இல் அமெரிக்காவில் கில் றொக் ஸ்டார்ஸ் லேபிள் மறுபடி வெளியிட்டது. இந்த மாதிரி மறுபதிப்பைத்தான் தூய சேகரிப்பாளர் கீழாகப் பார்க்கிறார். எல்லாருக்கும் கிடைத்தால் அவருடைய தட்டின் மதிப்பு என்னாவது?

எங்கள் பக்கத்துக் கேள்வி வேறு. இலக்கியச் சந்திப்பு ஒன்றில் இதைப் பற்றிக் கதைத்தபோது ஒரு அண்ணா, "வெள்ளைக்காரப் பிள்ளைகளின் சத்தம் உங்களுக்கு எதற்கு?" என்றார். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவின் பொலி ஸ்டைரீன் சோமாலியத் தகப்பனின் மகள், லண்டனின் நிறவெறிக் காலத்தில் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டு மேடையேறியவர் என்றேன். அலிஸ் பாக்கின் வீட்டு மொழி ஸ்பானியம் என்றேன். அனாவும் பல்மோலிவும் என்னைப் போல வேற்று நாட்டிலிருந்து லண்டன் வந்தவர்கள் என்றேன். பொய்சன் கேர்ள்ஸ் குழுவின் வை சப்வேர்சா பாட வந்தபோது நாற்பது கடந்த, இரண்டு பிள்ளைகளின் தாய் என்றேன். கடைசியில் சொன்னதுதான் அங்கிருந்த பெண்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அண்ணா தேநீர் எடுக்கப் போய்விட்டார்.

ஆனால் என்னையும் சொல்ல வேண்டும். வியாபாரி விலை சொன்ன நாளிலிருந்து இரண்டு வருடம் அந்தத் தட்டை நான் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. பிளாஸ்ரிக் உறையில் போட்டு, அலுமாரியில் சீலைகளுக்கு இடையில் வைத்தேன். சின்ன மகள் தொடப் போனபோது என் வாயிலிருந்து வந்தது பெரியண்ணாவின் வசனம், சொல்லுக்குச் சொல் அதே. அவள் கையை இழுத்துக்கொண்டாள். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

சுவிஸ் அக்கா பென்சன் போகிற நாளில் பிளேயரையும் தட்டையும் வேலைத்தலத்துக்குக் கொண்டுபோனேன். சலவையறையில், துணி மடிக்கும் மேசைமேல் வைத்தோம். எரித்திரியப் பிள்ளை ஒருத்தி, போர்த்துக்கீச அக்கா ஒருவர், நான், என் மகள். ஊசியை மகள் வைத்தாள். துணி உலர்த்தும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் நிறுத்தவில்லை. நான்கு பாட்டும் முடிந்து திரும்பப் போட்டோம். திரும்பவும் போட்டோம். மூன்றாவது தடவை அக்கா மேசையில் கையால் அடித்துத் தாளம் போட்டார், மேசை ஆடியது, ஊசி சறுக்கியது. இரண்டாம் பக்கத்தில் இப்போது ஓரிடத்தில் துள்ளும்.

போகும்போது உறையை எடுத்து அந்த நீலப் பெயரைக் கனநேரம் பார்த்தார். தனக்குத் தெரிந்தவளாக இருக்குமோ என்று யோசித்ததாகச் சொன்னார், இல்லை. நான் பேனையை நீட்டினேன். அவர் தன் பெயரை அதன் கீழே எழுதினார், அதன் கீழே மகள் தமிழில் தன் பெயரை எழுதினாள்.

வியாபாரி போன மாதம் திரும்ப அழைத்தார். மனம் மாறிவிட்டதா, உறை இன்னும் அப்படியே இருக்கிறதா என்று கேட்டார். மூன்று பெயர் இருக்கிறது என்றேன்.